முந்நூறு செட்

முந்நூறு செட் விற்றால் வியட்நாம்.
பம்ப் கம்பெனிக்காரர் ஒட்டிவிட்டுப் போன போஸ்டரில்
பச்சைக் கடல், சிவப்புப் பாய் கட்டிய படகு.
ஆடி வரைக்கும் நூற்றுப் பத்துதான்.
அப்புறம் மழை ஏமாற்றிவிட்டது.
ஐப்பசியில் புழுதி பறந்தது.
ஓலப்பாளையம், முத்தூர், மூலனூர் என்று
ரிக் வண்டிச் சத்தத்துக்குப் பின்னாலேயே
வெள்ளகோவிலுக்கு, என் கடைக்கு, ஆள் வந்தார்கள்.
தையில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

கோவையில் ஏறினோம் நாற்பத்தியிரண்டு டீலர்கள்,
புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இரண்டு சமையல்காரர்.
ஹனோயில் கொடி பிடித்து முன்னால் நடந்த பெண்ணின் பெயர் ஙா.
ஒன்றாம் வகுப்பில் எழுதியதோடு விட்ட எழுத்தை
நாற்பத்தியெட்டு வயதில்
ஆள் பெயராகக் கூப்பிட்டேன்.
திரும்பிப் பார்த்தது.

ஹாலாங்கில்
எங்கள் சிவன்மலையை ஆயிரமாக்கி
இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்திருந்தார்கள்.
மேல்தளத்தில் எல்லாரும் செல்ஃபி.
பல்லடம் துரைராசு மட்டும் கம்பியைப் பிடித்தபடி
"உப்புத் தண்ணிதானே" என்றார்
மனசைத் தேற்றிக்கொள்கிற குரலில்.

நின்பின்னில் நெல்வயல் நடுவே ஆறு.
படகுக்காரி சாய்ந்து உட்கார்ந்து காலால் துடுப்புப் போட்டாள்,
கை சும்மா இருந்ததால் போனில் பேசினாள்.
மடையைத் திறக்கச் சொல்லிக் கரையில் யாரும் கத்தவில்லை.
பி.ஏ.பி. கடைமடையில் பிறந்தவளுக்கு
சண்டை இல்லாத ஆற்றின் மேல்
அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை.

மீசோன் கோயில்கள் செங்கல்.
சாந்து வைத்த கோடே தெரியவில்லை.
சம்பா ராசாக்கள் கட்டியதாம், ஆயிரம் வருசமாம்.
கூரை போன ஒரு கருவறையில் ஆவுடை மட்டும்.
கோமுகி நீட்டிக்கொண்டிருந்தது, காய்ந்து.
பையிலிருந்த பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றினேன்.
ஙா பதறினாள். காவலாளி விசில் அடித்தார்.
தண்ணீர் அதற்குள்
தன் பழைய வழியைக் கண்டுபிடித்துப் போயிருந்தது.
வெளியே, போரில் குண்டு விழுந்த பள்ளம்.
புல் மூடி, நடுவில் குட்டை, தவளைகள்.
"அட, பத்தடியில தண்ணி!"
எங்களில் யாரோதான்.
சிரித்தோம்.
சிரித்த பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

ஹோய் ஆனில் காகித விளக்குகளுக்கு ஊரே கூடி நின்றது.
நான் ஒரு பழைய வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெள்ளம் ஏறிய அளவை வருசம் போட்டுக் குறித்திருந்தார்கள்:
முழங்கால். மார்பு. என் தலைக்கு மேல் ஒரு சாண்.
உத்தரத்தில் கப்பி. தண்ணீர் வந்தால்
கட்டில், பீரோ எல்லாம் மாடிக்குப் போகுமாம்.
படம் எடுத்துக்கொண்டேன்.
என் குடோன் சுவரிலும் வருசம் போட்டு எழுதியிருக்கிறேன்:
நானூறு அடி. எழுநூற்றைம்பது. ஆயிரத்து இருநூறு.
கேபிள் வெட்டுவதற்காக எழுதிய கணக்கு.
இங்கே நின்றபோதுதான்
அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தது.

வந்த மறுநாள் ஒன்பது மணிக்குச்
சென்னியப்பன் அண்ணன், கோணிச்சாக்கில் மோட்டாரோடு.
என் கணக்கில் அவர் இருநூற்று எண்பத்தெட்டாவது செட்.
மூன்றாவது போரும் புகைதான்.
தேங்காய் மிட்டாய் கொடுத்தேன்.
"அங்கயும் தென்னை இருக்குதுங்களா?"
காய்ந்த நூற்றிருபது மரத்தைப் போன மாசம்தான்
சூளைக்குத் தள்ளியிருந்தார்.
மிட்டாயைப் பேரனுக்கென்று மேல்பையில் போட்டுக்கொண்டார்.

போனில் படங்களைக் காட்டினேன்.
கடல், படகு, கோயில், விளக்கு...
விரலால் தள்ளிக்கொண்டே போனவர்
அந்தச் சுவரில் நின்றார்.
மேலே இருக்கிற கோடு வரைக்கும் பெரிதாக்கிப் பார்த்தார்.
"இத்தன உசரம்
மோட்டார் போடாமயே ஏறி வந்துதுங்களா?"

நான் சாக்குக் கட்டை அவிழ்த்தேன்.
கருகின காயில் வாடை
கடையெல்லாம்.