மூன்றிலிருந்து நாலுக்கு

கோமாரி தாண்டி
சங்கமன்கண்டிப் பக்கம் ரோட்டில் ஒரு துண்டு
அடிமட்டம் வைத்துக் கீறியது போலக் கிடக்கும்.
காலை ஐந்தே முக்கால்.
இரண்டு தலைப்பிலும் போனோடு இரண்டு பெடியன்கள்.
இடது ஓரத்தில் யாரோ காயவிட்ட நெல்,
பனிக்குப் படங்கு மூடி, மேலே கல்லு.

தர்ஷிகனின் ஈவோவில் பாதி இன்னும் கடன்.
எந்த வங்கி என்று கேட்காதீர்கள்,
அங்கேதான் எனக்கு வேலை.
அதனால் பக்கத்துச் சீட்டு எனக்கு,
மடியில் லப்டொப்.

மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு எப்போது?
மூன்று கிழமையாக இதே சண்டை.

சிவப்புக்கோடு வரைக்கும் மிதிக்கவேணும் என்பான் தம்பி.
ஏழாயிரத்தைந்நூறு.
பிறகென்னத்துக்கு ஜப்பான்காரன்
மீட்டரில் கோடு அடிச்சவன்?

அக்கரைப்பற்று ஹில்மி
கராஜ் வாசலில் கையைத் துடைத்தபடி சொல்லுவார்:
"மீட்டரப் பாக்காத.
மேல போகப்போக டர்போவுக்கு மூச்சு வாங்கும்.
சத்தம் கூடும், இழுவ கூடாது.
இடுப்பால கேளு."

இடுப்பால் கேட்க எனக்கு வராது.
சதுரக் கோட்டுக் கொப்பியில்
இரண்டு வளைகோடு கீறினேன்.
மூன்றாவதின் இழுவை செங்குத்தாய் ஏறும், பிறகு சரியும்.
நாலாவது தாழ்வாக, சோம்பலாக, நீளமாக.
ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டும்.
அங்கே மாற்று.
உச்சியில் இல்லை.
உச்சி கடந்தும் கொஞ்சம் இருந்து,
இங்கே மிச்சமிருப்பதும்
அங்கே காத்திருப்பதும் சமனாகிற நொடியில்.
ஆறாயிரத்து எண்ணூறு என்றது கொப்பி.

"கொப்பியையா அக்கா ஓட்டுறது?"

முதல் ஓட்டம், நூறிலிருந்து நூற்றெழுபது:
ஏழு தசம் ஒன்று.
இரண்டாவது, ஏழு தசம் ஒன்று.
சிவப்பில் முள் துடிக்கத் துடிக்க
அவன் முகத்தில் கலியாண வீட்டுச் சிரிப்பு.

மூன்றாவது ஓட்டத்தில்
படங்கின் விளிம்பைக் கொத்திக்கொண்டிருந்த மயில்
என்ன நினைத்ததோ, ரோட்டுக்கு வந்தது.
பயந்தது கை மட்டும்தான்.
கியரைத் தன் பக்கம் வெட்டி இழுத்தது.
வலது காலுக்குச் செய்தி போகவில்லை,
அது மிதித்தபடியே இருந்தது.
கண்ணாடி முழுக்க ஒரு கணம் நீலம்,
பிறகு வானம்,
பிறகு காற்றில் ஒற்றை இறகு.

பிரேக் பிடித்து நின்றோம்.
யாரும் கதைக்கவில்லை.
மயில் வேலிக்கு அந்தப் பக்கம்
எங்களை ஏசிக்கொண்டிருந்தது.

லப்டொப்பைத் திறந்தேன்.
கியர் மாறியது ஆறாயிரத்து எழுநூற்றைம்பதில்.
ஆறு தசம் எட்டு.

போனில் ஹில்மி சிரித்தார்:
"மறுகா ஒருக்கா ஓடிப் பாருங்க.
மயிலக் கூலிக்குப் பிடிக்க ஏலாது."

நாலாவது ஓட்டம்.
நான் ரோட்டைப் பார்க்கவில்லை,
அவன் இடதுகையைப் பார்த்தேன்.
ஆறாயிரத்து எண்ணூறு வந்தது.
விரல்கள் குமிழை மூடியிருந்தன.
கை அசையவில்லை.
ஏழாயிரம். ஏழாயிரத்து இருநூறு.
காருக்குள்ளே கதைத்தால் கேட்காத அந்தக் கத்தல்.
ஏழாயிரத்தைந்நூறு.
மாற்றினான்.

"தெரியும் அக்கா," என்றான், நான் வாய் திறக்கமுதல்.
"ஆனா அந்தச் சத்தம்."

ஏழு தசம் ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.

நெல்லுக்காரர் சைக்கிளில் வந்திறங்கிக்
கல்லைத் தூக்கி ஓரமாய் வைத்தார்,
எங்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார்,
படங்கைச் சுருட்டத் தொடங்கினார்.
நாங்கள் நாலாவதிலேயே,
ஆயிரத்து முந்நூறில், முக்கி முனகி,
பொத்துவிலுக்குப் போனோம்
தேத்தண்ணி குடிக்க.