நிற்கக் கூடாத பத்து நிமிடம்

கார் என்னுடையது, கடன் வங்கியுடையது.
இரண்டே இருக்கை, மடிக்கிற கூரை,
எனக்கு முன் நான்கு பேர் ஓட்டித் தேய்த்தது.
ஜெபல் ஜைஸ் இறக்கத்தில்
பெடல் குழைந்த சோறாகித் தரைவரை போனது.
கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து
எப்படியோ ராஸ் அல் கைமா வந்து சேர்ந்தோம்.
ஸபூரா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
ஒரே அறையில் அது சிரமம்.

சம்பளத்தன்று ஷார்ஜா பழைய சாமான் சந்தையில்
ஏதோ பெரிய காரின் காலிப்பர் இரண்டு, சிவப்புப் பெயின்ட்.
"முன்னால மட்டுமா?" என்றார் கடைக்காரர் ரஃபாகத்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

முன்சக்கரங்கள் வெறியோடு கவ்வின.
பின்சக்கரங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல்
சும்மா கூட வந்தன.
மூக்கு தரையை முகர,
முன்பு நின்ற இடத்தைத் தாண்டி
ஒரு கார் நீளம் வழுக்கித்தான் நின்றேன்.
இதற்கா எழுநூறு திர்ஹம்.

பின்பக்க அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க
ஒரு வால்வு, தலையில் குமிழ், இன்னொரு இருநூறு.
குழாயில் காற்று புகுந்திருந்தது.
காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும்.
நள்ளிரவு, கட்டடத்தின் அடித்தள பார்க்கிங்,
செப்டம்பர், சுவரே வியர்த்தது.
நான் சக்கரத்தடியில், அவள் பெடலில்.
"மிதி. பிடிச்சுக்கோ. விடு."
பகலெல்லாம் எக்ஸ்ரே மேசையில்
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்கிற அதே குரல்.
அவளே சிரித்துவிட்டாள், "நான் பேஷன்ட்டா?"
தண்ணீர் பாட்டிலில் கடுங்காப்பி நிறத்தில் திரவம்,
குமிழ், குமிழ், அப்புறம் குமிழ் இல்லை.

அல் கெயில் பக்கம் இன்னும் திறக்காத சாலை.
லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றவள்
(தேவையில்லாத இடத்தில் பிரேக் பிடித்தாளாம்)
மணல்மேட்டில் டார்ச்சோடு நின்றாள்.
அறுபதில் வந்து மிதித்தேன்.
வால்வு முழுக்கத் திறந்திருந்தது.
பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது.
ஒட்டக வேலியும் நிலாவும் ஒட்டக வேலியும்
கண்ணாடியில் சுற்றி நின்றபோது
வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் திருகு மூடினேன். மறுபடி.
இன்னொரு கால். மறுபடி.
"பின்னாடிதான் முதல்ல நின்னுச்சு."
"ரெண்டும் சேர்ந்து."
ஏழாவது தடவை அவள் ஓடியே வந்தாள்:
"முன்னாடி நின்னுது, பின்னாடி
நிக்கலாமான்னு யோசிச்சுது!"
அதுதான். அந்த யோசனைதான் வேண்டும்.
குமிழில் நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்தாள்.

டிஸ்க் கொதித்தது, கருகல் வாசனை.
இந்தச் சூட்டில் பிரேக்கை அழுத்தி நின்றால்
பேட் அங்கேயே ஒட்டித் தடம் பதித்துவிடும்.
ஆறும்வரை ஓட வேண்டும், நிற்காமல்.
கூரையை மடித்துவிட்டு ஓடினோம்.
கரக் டீக் கடையை மூன்றாம் முறை கடக்கையில்
பையன் தட்டோடு சாலை ஓரத்துக்கே வந்துவிட்டான்.
"நிறுத்தேன்டி, பாவம்."
"இன்னும் நாலு நிமிஷம்."
அவள் எட்டிக் கையை நீட்டினாள்.
அவன் கூடவே ஓடினான்,
டீ பாதி அவன் சட்டையில்.