கயிறு இருந்த இடம்

திருமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
தும்புக் கயிற்றின் நுனியில்
காலை ஆறிலிருந்து ஒரு கனல்.
குடிக்கிறவர்கள் குனிந்து பற்றவைக்க
நான்தான் தொங்கவிட்டேன்.

"இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்கு இல்லை."
கண்ணாடியில் ஒட்டியது வெயிலில் வெளுத்து
இப்போது 'இல்லை' மட்டும் தெரிகிறது.

கரண்ட் போன மாலை.
டியூசன் கொப்பியைச் சுருட்டிப்
பின்பொக்கெற்றில் செருகியபடி ஒருவன்.
மீசை இன்னும் சந்தேகம்தான்.
"அன்ரி, ஒரு சிகரட். அப்பாவுக்கு."

அபிசனன். தவமலரின் மூத்தவன்.
அவன் அப்பா கட்டாரில்;
மூன்று வருடமாகத்
தவமலரின் போனுக்குள் இருக்கிறார்.

திட்டத்தான் வாய் திறந்தேன்.
"அப்பா எது குடிக்கிறவர் தம்பி?"

பெட்டிகளைப் பார்த்தான்.
கறுத்த நுரையீரல், தையல் போட்ட தொண்டை.
அந்தப் படங்களுக்குள் இல்லாத எதையோ தேடினான்.
சட்டைப்பையில் தெரிந்த பெட்டியின் நிறமா,
விரலின் மணமா.
"தெரியாது" என்றான்.
அது பொய் இல்லை.

வாசலில் ஒரு புள்ளிமான்
வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நின்றது.
இருவரும் அதையே பார்த்தோம்,
தேவைக்கு அதிகமான நேரம்.

சோடா ஒன்று உடைத்துக் கொடுத்தேன்.
குடித்தான். ஏப்பம் விட்டான்.
"கண்டி வீதியில இன்னும் நாலு கடை இருக்கு அன்ரி."
கோபமா, தகவலா,
போய்விட்டான்.

நாலு கடை. நாலு கயிறு.

பாக்குவெட்டியால் நறுக்கிய நுனி
வாளித் தண்ணீரில் சீறியது.

ஏழு மணிக்கு வந்த ஓட்டோக்காரர்
உதட்டில் சிகரட்டோடு
கயிறு இருந்த இடத்துக்குக்
குனிந்தார்.