நூறு எண்ணுதல்

தக்காளிப் பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி
மாதையனின் கட்டைவிரலுக்குள் போய் நான்கு நாளாகிறது.
விரல் இப்போது மாங்கொட்டை அளவு.
பாலக்கோடு அரசு மருத்துவமனை,
இரவு ஒன்றரை மணி.
பெஞ்சில் நடுங்கிக்கொண்டே கேட்கிறான்:
"மூணு மணிக்கு மண்டி தொறந்துடுவாங்க,
சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க."

ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து இழுத்தேன்.
சாயம் ஊற்றினேன்.
காத்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

எண்ணெய்த் துளிக்கு அடியில்
ஊதா நிறத்தில் திரண்டிருந்தார்கள்,
மூன்றாக நான்காகக் கிள்ளிய உட்கருவோடு
முதல் வரிசைக்காரர்கள்.
விசாரிக்கத் தெரியாது அவர்களுக்கு.
வாசனை பிடித்து ஓடுவார்கள்,
அகப்பட்டதை விழுங்குவார்கள்,
விழுங்கியதோடு சாவார்கள்.
கவுன்ட்டர் பொத்தானை அழுத்துகிறேன்.
டக். டக். டக்.

நாற்பதைத் தாண்டியதும் ஒன்று,
உட்கருவில் இன்னும் மடிப்பு விழாமல்
லாடம்போல வளைந்து.
பிறகு இன்னொன்று.
மஜ்ஜைக்குள் இன்னும் கொஞ்சம்
இருந்திருக்க வேண்டிய இளசுகள்.
ஆள் பற்றாமல்
மீசை அரும்பாததுகளையும் அனுப்பியிருக்கிறது எலும்பு.
இவற்றுக்குத் தனிப் பொத்தான்.
அதை அழுத்தும்போது விரல் தயங்கும்.

தயங்க வேறு காரணமும் உண்டு.
என் விரல் கணுக்களும் வீங்கியிருக்கின்றன,
எந்த ஆணியும் குத்தாமலே.
மூன்று வருடமாக
என் காவலாளிகளே என் மூட்டுகளைத்
திருடன் என்று கொளுத்துகிறார்கள்.
விடியற்காலையில் சீப்பைப் பிடிக்க முடியாது.
சின்ன வயதில் நெஞ்செலும்புக்குப் பின்னால்
ஒரு பள்ளிக்கூடம் நடக்குமாம்,
சொந்தத்தைக் கடிப்பவனை அங்கேயே தீர்த்துவிடுவார்களாம்.
எவனோ ஒருத்தன்
பின்வாசல் வழியாகத் தப்பியிருக்கிறான்.
திங்கட்கிழமைதோறும் மாத்திரை போட்டு
அவர்களைக் கொஞ்சம் தூங்க வைக்கிறேன்.
அதனால்
யார் இருமினாலும் முதலில் எழுந்து நகர்பவள் நான்.

மாரண்டஅள்ளியிலிருந்து வரும் பஸ்ஸில்
இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஒரு நடுகல் தெரியும்.
மாந்தோப்பு வேலியில் சாய்ந்து,
கையில் வில், விலாவில் அம்பு,
காலடியில் இரண்டு மாடு.
மீட்டு வந்தானா, பாதியில் விழுந்தானா,
எழுத்து தேய்ந்துவிட்டது.
மஞ்சள் மட்டும் யாரோ பூசுகிறார்கள்.

உடம்புக்குள்ளும் இப்படிக் கல் நடுவார்கள் என்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.
இல்லை.
ஸ்லைடின் ஓரத்தில் உருண்டையாக,
உட்கருவே உடம்பாக உட்கார்ந்திருக்கும்
லிம்போசைட்டுகளில் சில
வருடக்கணக்கில் வாழும்.
அவை நினைவில் வைப்பது விழுந்தவனை அல்ல,
வந்தவனை.
அவன் மூக்கு, முதுகின் வளைவு,
மேல்சட்டையின் தையல்.
ஏழு வயதில் எனக்கு வந்த பொன்னுக்கு வீங்கி
இன்று தெருமுனையில் திரும்பினாலே அடையாளம் தெரியும்.
அன்றைக்கு மடிந்தவர்களின் பெயர்
எங்கேயும் இல்லை.

டக். டக்.
நூறில் மணியடித்தது.
முதல் வரிசை எழுபத்தொன்று. இளசுகள் பதிமூன்று.
லிம்போசைட் பதினொன்று. மற்றவை ஐந்து.

டாக்டர் நஸ்ரீன் விரலைக் கீறினார்.
மாதையன் மின்விசிறியையே பார்த்தான்.
கெட்டியாக, மஞ்சளாக வந்தது.
"அய்ய, எவ்ளோ அழுக்கு."
"அழுக்கு இல்ல, ஆளுங்க" என்றேன்.
புரியாமல் சிரித்தான்.
பஞ்சு, மஞ்சள் பைக்குள் போயிற்று.
இடது கையில் டெட்டனஸ் ஊசி,
இன்னும் வராத ஒருவனின் சாயலை
முன்கூட்டியே காட்டி வைக்க.

"ரெண்டு நாளைக்குப் பெட்டி தூக்கக் கூடாது."
"கிலோ அறுபதுக்குப் போவுதுங்க."
கட்டுப் போட்ட விரலை உயர்த்திப் பிடித்தபடி
மண்டிப் பக்கம் நடந்தான்.

ஸ்லைடை நான் கழுவவில்லை.
அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
மாதையன், ஆண், 34.
மரப்பெட்டியில் நிறுத்தி வைத்தேன்.
விரல் மடங்கவில்லை.
மூடியை முழங்கையால் அழுத்தினேன்.