எட்டு விநாடி

மைதீன் பிச்சையின் மேசைமேல்
இரண்டு மிஷின் வாள்கள்.
ஒன்று பெட்டியிலிருந்து வந்தபடியே.
இன்னொன்று அவர் கை பட்டது.

ஒரு காலத்தில் மேலப்பாளையத்துப் பையன்களுக்கு
ஆர்எக்ஸ் நூறின் சைலன்சரைக் குடைந்து கொடுத்தவர்.
பையன்கள் துபாய் போனார்கள்,
வண்டிகள் காயலான் கடைக்குப் போயின,
குடைகிற கை மட்டும் நிற்கவில்லை.

"போர்ட்டைத் தேச்சிருக்கேன் மதினி,
சிலிண்டருக்கு அடியில கெடந்த தகட்டை எடுத்தாச்சு,
மூச்சு போற வழியப் பெருசாக்கியிருக்கு,
பாத்துக்கிடுங்க, பன்னிரண்டாயிரம் கூட."
இவ்வளவையும்
என் பின்னால் நின்ற சங்கிலிபூதத்தைப் பார்த்தே சொன்னார்.
பணப்பை என் இடுப்பில் இருந்தது.

சோதனைக்கு மானூர்க் குளத்து உடை,
ஒரே மரத்தில் இரண்டு துண்டு.
செல்போனில் நேரம் பிடித்தேன்.
சாதாரண வாளுக்குப் பத்தொன்பது விநாடி.
மற்றதற்குப் பதினொன்று.
உடையின் வைரம் பொடிமட்டையாய்க் காலடியில் கொட்டியது.
எதிர்க்கடை டெய்லர்
ஷட்டரைப் பாதி இறக்கினார்.

எட்டு விநாடி.
நாளைக்கு முந்நூறு வெட்டு.
பெருக்கி, அறுபதால் வகுத்தால் நாற்பது நிமிடம்.
நாற்பது நிமிடத்தை எங்கே அடுக்கி வைப்பேன்?
லாரி வருவது லாரிக்காரன் மனம்போல்.
எடைமேடை ஆள் சாப்பிடப் போனால் மூன்று மணி.
பரோட்டாக் கடையில் நாலுக்கு முன்னால்
விறகிறக்க விடமாட்டார்கள்.
பெட்ரோல் வேறு, கால்வாசி முன்னாலேயே காலி.
உடையோ மண்ணும் முள்ளுமாய் வருகிற மரம்,
மண்ணுக்கு எல்லாச் சங்கிலியும் ஒன்றுதான்.

காரையாறு கோயிலில் நேர்ந்து வைத்த பெயர் அவனுக்கு.
தொழிலும் சங்கிலியோடு என்று யார் கண்டார்.
ஒன்றும் பேசாமல்
சாதாரண வாளை மடியில் கிடத்தி
அரத்தை எடுத்தான்.
பல்லுக்கு மூன்று இழுப்பு,
தூங்குகிற பிள்ளைக்கு நகம் வெட்டுகிற பதனத்தில்.
மறுபடி மரத்தில் வைத்தான்:
பதினான்கு.

மைதீன் பிச்சை முதல்முறையாக என்னைப் பார்த்தார்.
"மூணு விநாடிக்குப் பன்னிரண்டாயிரமா?"
"பூதத்தக் கூடவே கூட்டிட்டு வந்திருக்கீய,
நான் என்ன செய்ய."

கிளம்பியிருக்கலாம்.
ஒன்பது வருடமாய் டிப்போ நடத்துகிறேன்,
டன் கணக்கு, ஏலக் கணக்கு, கடன் கணக்கு.
ஒரு வாளைக்கூடப் பிடித்ததில்லை.
கொண்டாங்க, என்றேன்.

முதல் இழுப்பில் கயிறு விரலைச் சுண்டிப் பிடுங்கியது.
இரண்டாவதில் மூச்சு வந்தது அதற்கு.
மணிக்கட்டில் ஏறி, தோளில் ஏறி,
பல்வரிசை வரைக்கும் வந்தது உறுமல்.
அது நிற்கும்வரை
யாருக்கும் எதற்கும்
நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டாயிரத்தையும் சேர்த்தே எண்ணி வைத்தேன்.
இரண்டு அரம் இனாம் கேட்டேன்.
அவ்வளவுதான் என் பேரம்.

முக்கூடல் டிப்போவில் மறுநாள்
பதினொன்றேகாலுக்கு வெட்டு முடிந்துவிட்டது.
லாரியைக் காணோம்.
மரத்தூளில் உட்கார்ந்திருக்கிறோம்,
காதுக்குள் இன்னும் அதே இரைச்சல்.
எதிரே சங்கிலியின் உதடு அசைகிறது.
டீ என்கிறானா
தீ என்கிறானா.

தலையாட்டி வைத்தேன்.