மூன்றாவது பிளக்

மூன்றையும் கழற்றி
போன வருஷத்துக் காலண்டர் தாள்மேல் நிறுத்தினேன்.
ஒன்றும் இரண்டும் வர்க்கி நிறம்.
மூன்றாவது ஈரக் கறுப்பு;
தொட்ட விரலில் எண்ணெய்.

இன்ஜினை இறக்கி, போர் அடித்து,
பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு
பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.
கோத்தகிரி பேக்கரி ஜைனுலாபுதீன் பாயின் மாருதி.
பின்சீட் இருந்த இடத்தில்
கூரை முட்ட வர்க்கிப் பெட்டிகள்.

"ஏறும்போது ஒரு கொறையும் இல்ல.
எறங்கி முடிச்சாத்தான் திக்குது.
குஞ்சப்பனை செக்போஸ்ட்ல நிறுத்தி எடுத்தா
பின்னாடி நீலமா ஒரு பொகை"
என்றார் முதல் நாளே.
திக்குது என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

மலையைக் குற்றம் சொன்னேன்.
ஆறாயிரம் அடி, பாய், காத்து மெலிசு,
பெட்ரோல் தூக்கலா போகுது
என்று கார்புரேட்டரைத் திருகினேன்.
அடுத்த வாரம் ரிங்கைச் சொன்னேன்:
புதுசு, உட்கார நாளாகும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்.
அவர் ஓட்டினார். திரும்ப வந்தார்.
பெட்டிகளை இறக்கக்கூட இல்லை.

அப்புறம்தான் ஒழுங்காக ஆரம்பித்தேன்.
மூன்றில் இருந்ததைத் துடைத்து ஒன்றில் போட்டேன்,
ஒன்றில் இருந்ததை மூன்றில்.
அரவேனுவிலிருந்து இறங்கிப் போய் வந்து பார்த்தால்
கெட்டது நல்லதாகி இருக்கிறது,
நல்லது கறுத்துக் கிடக்கிறது.
ஆக, பிளக் நிரபராதி.
ஒயரை மாற்றினேன். அதுவும்.
கம்ப்ரஷன் கேஜ்
மூன்று சிலிண்டருக்கும் ஒரே எண்ணைக் காட்டியது.
ரிங்கிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

இறங்கி முடிச்சாத்தான்.

இரண்டாம் கியர், ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை,
வளைவுக்கு வளைவு வண்டியைத் தாங்குவது இன்ஜின்தான்.
மேலே காற்றுக்கு வாசல் அடைத்திருக்க
உள்ளே அது உறிஞ்சுகிறது,
தாயில்லாத கன்று போல, கிடைத்த இடத்தில்.
எங்கே கிடைக்கிறது?
வால்வுத் தண்டு ஓரமாக. மேலிருந்து.
அங்கே எண்ணெயைத் தடுக்க ஒரு சீல் இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும்.

ஆறு வால்வு, ஆறு சீல்.
அன்று மாலை ஐந்தாவதை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது
சிவபாலன் மெதுவாக, "அண்ணே, அசையாதீங்க."
வாசலில், வெல்டிங் மிஷினுக்கு அந்தப் பக்கம்
காட்டுமாடு.
முழங்காலுக்குக் கீழே வெள்ளை,
மற்றபடி இருட்டோடு இருட்டு.
விளக்கை அணைத்தோம்.
அது டயர் அடுக்கை முகர்ந்தது,
டிரம்மில் இருந்த தண்ணீரைக் குடித்தது,
நாற்பது நிமிஷம் முதலாளி மாதிரி நின்றது.
போனதும் விளக்கைப் போட்டு
நான் கையில் எடுத்தது சீல் அல்ல,
ஸ்பிரிங்.

பில் குத்தியிருக்கும் ஆணியில் அந்தப் பாக்கெட்.
உள்ளே ஒன்று:
பச்சை ரப்பர், சுண்டுவிரல் நுனிக்குத் தொப்பி.

பிளக் செட் டூப்ளிகேட், மாத்தியாச்சு என்று
பில் எழுத எனக்குத் தெரியும்.
எழுதியும் இருக்கிறேன், வேறு வண்டிகளுக்கு.
இந்த முறை
பிளக் துளை வழியே நைலான் கயிற்றைத் திணித்து
வால்வு உள்ளே விழாமல் பிஸ்டனை முட்டவைத்து
ஹெட்டைக் கழற்றாமலே சீலைப் போட்டுவிட்டு
பாய்க்கு போன் அடித்தேன்.
மாடு வந்ததிலிருந்து சொன்னேன்.

வெகுநேரம் சத்தமில்லை.
பின்னால் அடுப்புத் தட்டு இழுபடும் ஓசை.
"நாலு டிரிப் வர்க்கியில பொகை வாசம்னு
மேட்டுப்பாளையத்துக்காரன் திருப்பிட்டான்.
அந்தக் காச மாட்டுகிட்டயா கேக்குறது?"
என்கிட்ட, பாய், என்றேன்.
"ம்" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் அவரே ஓட்ட, பக்கத்தில் நான்.
இரண்டாம் கியர், காலெடுத்து, கடைசி வரை.
குஞ்சப்பனையில் நிறுத்தி, எண்ணி ஐந்து நிமிஷம் விட்டு,
கிளப்பி, ஒரு அழுத்து.
பின்கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது.
பனிதான்.
ஆனாலும் ஜன்னலை இறக்கி
இருவரும் தலையை நீட்டி
இன்னொரு முறை முகர்ந்து பார்த்தோம்.