பிளாக் ஃபாரஸ்ட் கஞ்சி

நேற்று மாலை எட்டாம் தெருப் பேக்கரியில்
ஒரு கிலோ கேக்
அவள் பெயரைச் சுமந்துகொண்டு
எனக்காகக் காத்திருந்தது.
சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்தி நான்கு.
காரின் மூக்கிலிருந்து தொங்குமே ஒரு வயர்,
அதைச் சுவரில் செருக மறந்திருந்தேன்.
சாவியைத் திருப்பினால்
கிழட்டு ஆடு மாதிரி ஒருமுறை இருமிவிட்டு
கார் அடங்கிப்போனது.
ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டார்கள்.

அப்புறம் அவள் என்னைக் காய்ச்சினாள்.
கேக் வெறும் திரிதான்.
டொரண்டோவில் தவறவிட்ட விமானம்,
இன்னும் புதுப்பிக்காத இன்சூரன்ஸ்,
அவள் அப்பா போனில் அழுத அன்று
சத்தத்தைக் குறைத்துவிட்டு
நான் மேட்ச் பார்த்தது
எல்லாம் பற்றிக்கொண்டது.
பதினொன்றரைக்கு விளக்கை அணைத்தாள்.

இன்று ஞாயிறு. மணி பத்து.
இன்னும் எழவில்லை,
அல்லது எழுந்து, படுத்திருக்கிறாள்.
இப்போது என் முறை. நான் காய்ச்சுகிறேன்.

ஓட்ஸ்.
காய்ச்சலுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்று
மேல்தட்டுக்குத் தள்ளிவைத்த டப்பா.
வந்த புதிதில், நெடுஞ்சாலை ஓரம்
அது கதிர் சாய்ந்து நின்றதைப் பார்த்து
“நெல்லா?” என்று கேட்டாள்.
நான் தெரிந்த மாதிரி
ஆமாம் என்றேன்.

வெண்ணெயில் வறுத்தேன்,
நிலக்கடலை வாசனை வரும்வரை.
தண்ணீர் பாதி, பால் பாதி, ஒரு சிட்டிகை உப்பு.
கோகோவை நேரே கொட்டினால் கலக்காது,
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மிதக்கும்.
முதலில் இரண்டு ஸ்பூன் வெந்நீரில்
குழைத்துக் குழைத்துச் சமாதானப்படுத்த வேண்டும்.
(எல்லாவற்றுக்கும் அப்படித்தான் போல.)

செர்ரி, ஃப்ரீஸரில் பட்டாணிக்குப் பின்னால்
ஜூலையிலிருந்து கிடந்தது.
கூழாங்கல்லாய்ச் சட்டியில் விழுந்து
சத்தம் போட்டது.
ஷ்ஷ் என்றேன் பழத்திடம்.
சர்க்கரை பட்டதும் இளகி
திராட்சைக் கறுப்பில் சாறு விட்டது.
ஹாலோவீனுக்கு வந்த பிள்ளைகள் போக
மிஞ்சிய சாக்லேட் மூன்று.
காய்கறித் துருவியில் துருவினேன்.
நகமும் கொஞ்சம் போயிருக்கலாம்.

கேக் என்றால் பெயர் வேண்டுமே.
பிளாஸ்டிக் பையில் கெட்டிப்பாலை அடைத்து
மூலையைக் கத்தரித்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்:
தா
ட்
ச
அதோடு கிண்ணம் முடிந்தது.
துணைக்கால் விளிம்பேறி
மேசையில் வழிந்தது.
யணிக்கு இடமே இல்லை.

வந்தாள்.
என் கம்பளிச் சட்டை, கலைந்த தலை,
இன்னும் தணியாத மூக்கு நுனி.
குனிந்து படித்தாள்.
“என்ன இது? தாட்சண்யம் கேக்கறியா?”

பெயரைத்தான் எழுதினேன்.
ஆமாம் என்றேன்.

இழுப்பறையில் ஒரு மெழுகுவர்த்தி,
போன வருஷம் பாதி எரிந்தது.
நடுவில் குத்தினாள்.
கேக் என்றால் நின்றிருக்கும்.
கஞ்சி பிடித்துக்கொள்ளவில்லை.
சாய்ந்ததை இரண்டு விரலால் தாங்கிக்கொண்டு
“ம், பத்த வை” என்றாள்.
நான் தீக்குச்சி கிழித்தேன்.
ஊதுவதற்குள் ஒரு சொட்டு மெழுகு
செர்ரிமேல் விழுந்து வெளுத்தது.

வலப்பக்கமிருந்து தின்றாள்.
“உப்புப் போட்டியா?”
“ஒரு சிட்டிகை.”
“தெரியுது.”
நல்லதா கெட்டதா, சொல்லவில்லை.
ச போயிற்று.
ட் தன் புள்ளியோடு போயிற்று.
தா மட்டும் கொஞ்ச நேரம்
பழுப்பில் மிதந்தது.

“இன்சூரன்ஸ்?”
“நாளைக்கு.”
“வயர்?”
“ஆறு மணிக்கே செருகிட்டேன்.”

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து
சரிபார்த்துக்கொண்டாள்.
பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
“செர்ரி நிறையப் போடு.
எழுதாதே.”